பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல மீட்டர் லைட் மங்கலா இருக்கா? எல்இடி வாங்கறதுக்கு முன்னாடி இதப் பாத்துடுங்க

நீங்க கேட்டத ஒரு தடவ சுருக்கிச் சொல்லிடறேன். 1974 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), ராத்திரி ஹெட்லைட் நல்லாத்தான் எரியுது, ஆனா உள்ள ஸ்பீடாமீட்டர் முள்ளு எங்க நிக்குதுன்னே தெரியல, பல்பு எல்லாம் புதுசா மாத்தியாச்சு, துளி வித்தியாசம் இல்ல, அதனால இருக்கறதுலயே பவரான எல்இடி எதுன்னு சொல்லுங்க. இதானே? எல்இடி கதைக்கு கடைசில வரேன். பல்பு மாத்தியும் மாறலங்கறது நீங்க சாதாரணமா சொல்லிட்டுப் போனாலும் அதுதான் இதுல பெரிய க்ளூ, ஏன்னா குத்தம் பல்புல இல்ல, பல்புக்கு வந்து சேர்ற கரன்ட்லயோ, பல்புலேர்ந்து டயலுக்குப் போற வெளிச்சத்துலயோ இருக்கு. பெரும்பாலும் ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், அதான் ஒண்ண மட்டும் சரி பண்ணிட்டு "ஒண்ணும் பெருசா மாறலயே"ன்னு பாதில விட்டுடறாங்க.

முதல்ல கரன்ட். டங்ஸ்டன் ஃபிலமென்ட் பல்புக்கு ஒரு குணம் இருக்கு, வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சமும் கொஞ்சம்தான் குறையும்னு நெனச்சுடாதீங்க, அது கிட்டத்தட்ட வோல்டேஜோட 3.4ஆவது அடுக்குல (பவர்ல) விழும். அதாவது வோல்டேஜ்ல 10 சதவீதம் போச்சுன்னா வெளிச்சத்துல 30 சதவீதம் போயிடும். வண்டி ஓடும்போது பேட்டரில 13.8 வோல்ட் இருக்குன்னு வைங்க, பல்பு கிட்ட வரும்போது 11.5தான் மிச்சம்னா வெளிச்சம் பாதி கிட்ட அவுட். ரெண்டு வோல்ட் சொச்சம்தான் காணோம், ஆனா வெளிச்சம் பாதி காணோம். அதோட கலரும் மஞ்சள்லேர்ந்து ஆரஞ்சுக்கு இறங்கிடும், அது ஏன் முக்கியம்னு ஃபில்டர் பத்தி சொல்லும்போது புரியும்.

50 வருஷம் ஓடின வண்டில ரெண்டு வோல்ட் தொலையறது ஒரு பெரிய விஷயமே இல்ல. மீட்டர் பல்பு ஆறு, ஒண்ணொண்ணும் 2.2 வாட்னு வச்சா மொத்தம் 13 வாட், ஒரு ஆம்பியருக்கு கொஞ்சம் மேல. இந்த வழில எங்கயோ ஒரு ஓம் எக்ஸ்ட்ரா ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே ஒரு வோல்ட் போச்சு. அந்த ஒரு ஓம் எங்கேர்ந்து வரும்? களிம்பு ஏறின ஒரு புல்லட் கனெக்டர் (ரெண்டு ஒயர செருகி சேக்கற சின்ன உருளை), ஃப்யூஸ் பாக்ஸ்ல கறுத்துப் போன ஒரு கிளிப், லைட் சுவிட்ச் உள்ள தேஞ்ச கான்டாக்ட், ரியோஸ்டாட் (மீட்டர் வெளிச்சத்த கூட்டிக் குறைக்கற குமிழ்), எர்த் (கரன்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பற வழி). எல்லாத்துலயும் கால் கால் ஓமா சேந்துக்கும்.

ஸ்பானர எடுக்கறதுக்கு முன்னாடி சும்மா சீட்ல உக்காந்தே ரெண்டு மூணு விஷயம் பாக்கலாம். பார்க்கிங் லைட் மட்டும் போட்டு மீட்டர பாருங்க, அப்புறம் ஹெட்லைட் போடுங்க. ஹெட்லைட் போட்டதும் மீட்டர் லைட் இன்னும் இறங்குச்சுன்னா, லைட் சுவிட்ச்சுக்கு வர்ற மெயின் ஃபீடுலயே (கரன்ட் வர்ற ஒயர்) அடி வாங்குது, ஏன்னா அங்கேர்ந்துதான் ரெண்டும் பிரியுது. பிரேக்க மிதிச்சாலோ இன்டிகேட்டர் போட்டாலோ மீட்டர் லைட் துடிக்குதுன்னா எர்த்த சந்தேகப்படுங்க. இன்ஜின ரைஸ் பண்ணினா மீட்டர் நல்லா பளிச்சுன்னு வருதுன்னா ஆல்டர்னேட்டர் (பேட்டரிய சார்ஜ் பண்றது), பெல்ட், பேட்டரி டெர்மினல் பக்கம் ஒரு பார்வை பாருங்க, ஐடில்ல ஒரு வோல்ட் குறையறது சகஜம், அதுக்கு மேல குறைஞ்சா சகஜம் இல்ல. ஒரே ஒரு மீட்டர் மட்டும் மங்கல், மத்ததெல்லாம் ஓகேன்னா இதையெல்லாம் தாண்டி நேரா அந்த மீட்டரோட ஹோல்டருக்குப் போயிடலாம்.

அடுத்தது வோல்டேஜ் டிராப் டெஸ்ட், இத நிறைய பேர் தப்பா பண்றாங்க. பல்ப கழட்டிட்டு ஹோல்டர்ல மல்டிமீட்டர் வச்சு "12.6 வருது, ஒயர் நல்லா இருக்கு"ன்னு சொல்லுவாங்க. லோடு இல்லாம அளந்தா ஒத்த இழைல தொங்கற ஒயர்கூட முழு வோல்டேஜ் காட்டும், கரன்ட் ஓடினாத்தான் அதோட வண்டவாளம் தெரியும். அதனால பல்பெல்லாம் எரிஞ்சுட்டே இருக்கணும். மல்டிமீட்டரோட சிகப்பு முனைய பேட்டரி ப்ளஸ்ல வைங்க (நீளமா ஒரு ஒயர் கோத்துக்கோங்க), கறுப்பு முனைய பல்பு ஹோல்டருக்கு வர்ற ஃபீடுல வைங்க. வர்ற நம்பர்தான் வழில திருடு போன வோல்டேஜ். ரியோஸ்டாட் ஃபுல் பிரைட்ல இருக்கும்போது இது அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா நான் கை வைக்க மாட்டேன். அப்புறம் ஹோல்டரோட எர்த் பக்கத்துலேர்ந்து பேட்டரி மைனஸுக்கு அதே மாதிரி அளங்க, இது 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். இந்த ரெண்டு நம்பர் கைல இருந்தா எந்தப் பக்கம் தேடணும்னு தெரிஞ்சுடும், டேஷ்போர்ட முழுசா பிரிக்கற வேலையே இருக்காது.

நான் ஒரு காலத்துல இத அளக்காம ரெண்டு நாள் டேஷ்போர்டு மொத்தமும் பிரிச்சுப் போட்டு பல்பு, ஹோல்டர், சுவிட்ச் எல்லாம் தொடச்சு மாட்டிட்டு, கடைசில பாத்தா ஸ்டியரிங் காலம் பக்கத்துல ஒரே ஒரு எர்த் ரிங் பெயின்ட் மேல உக்காந்துட்டு இருந்துச்சு. யாரோ முன்னாடி பாடிக்கு பெயின்ட் அடிச்சுட்டு அப்படியே போல்ட்ட முடுக்கிட்டாங்க. அஞ்சு நிமிஷ வேலை, ரெண்டு நாள் முதுகுவலி.

ஃபீடு பக்கம் திருட்டுன்னா முதல் குற்றவாளி ரியோஸ்டாட். டேஷ்போர்டுல ஒரு குமிழ் இருக்கும்ல, திருப்பினா மீட்டர் வெளிச்சம் ஏறி இறங்கும், பல பேர் வருஷக்கணக்கா அதத் தொட்டிருக்கவே மாட்டாங்க, சில பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது (சிரிக்காதீங்க, வண்டி வாங்கினதுலேர்ந்து குறைச்சு வச்ச குமிழோட ஓட்டிட்டு இருந்த ஆள எனக்குத் தெரியும்). உள்ள இருக்கறது செராமிக் மேல சுத்தின ரெசிஸ்டன்ஸ் கம்பி, அதுமேல ஒரு கான்டாக்ட் வழுக்கும். கம்பி கறுத்துப் போகும், கான்டாக்ட் ஸ்பிரிங் தளரும். ஒரு இருபது முப்பது தடவ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க, லைட் மினுக்கி மினுக்கி வந்தா இதான் ஆளு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு திருப்பினா பாதி கேஸ் இதுலயே முடிஞ்சுடும். முடியலன்னா டெஸ்ட்டுக்கு ரியோஸ்டாட்டோட ரெண்டு ஒயரையும் கழட்டி ஒண்ணோட ஒண்ணு நேரா சேத்துடுங்க. பிரிட்டிஷ் வண்டிங்கறதால உங்களுக்கு சிகப்புல வெள்ளக் கோடு போட்ட ஒயர்தான் மீட்டர் லைட் ஒயர், வெறும் சிகப்பு சைடு லைட், கறுப்பு எர்த். ஜெர்மன் வண்டியா இருந்தா ஒயரிங் டயக்ராம்ல 58டி-ன்னு போட்டிருக்கறது டிம்மர் (வெளிச்சத்த குறைக்கற கன்ட்ரோல்) வழியா வர்ற மீட்டர் லைட், 31 எர்த். நேரா சேத்ததும் பளிச்சுன்னு ஆயிடுச்சுன்னா அப்படியே நிரந்தரமா விட்டுடறவங்களும் உண்டு, எனக்கு அதுல தப்பு எதுவும் தெரியல, பழைய பல்புல ஃபுல் வெளிச்சமே கண்ணக் கூசற அளவுக்கு வராது.

ஜப்பான் வண்டி வச்சிருக்கறவங்க இதப் படிச்சா ஒண்ணு சொல்லணும், 80, 90கள்ல வந்த பல ஜப்பான் மாடல்ல டிம்மர் ப்ளஸ் பக்கம் இருக்காது, எர்த் பக்கம் இருக்கும். அதாவது பல்புக்கு எப்பவும் முழு ப்ளஸ் வரும், கன்ட்ரோல் ஆகறது மைனஸ் வழி. அது தெரியாம மீட்டர் பல்போட "எர்த்த" நேரா பாடில அடிச்சா லைட் நல்லா வரும், டிம்மர்தான் வேலை செய்யாது. ஆனா வெளி ஆடியோ செட் மாட்டினவங்க அதோட இல்லூமினேஷன் ஒயர இந்த சர்க்யூட்ல தப்பா கோத்து ஃப்யூஸ் ஃப்யூஸா எரிச்ச கதையும் உண்டு.

எர்த் பத்தி இன்னொண்ணு. கார்வெட், லோட்டஸ், டிவிஆர் மாதிரி ஃபைபர்கிளாஸ் பாடி வண்டில பாடியே எர்த் கிடையாது, ஒவ்வொரு மீட்டருக்கும் எர்த் ஒயர் இழுத்துட்டுப் போய்த்தான் சேசிஸ்ல சேரணும், அதுல ஒரு இடத்துல துரு ஏறினா மொத்த பேனலும் மங்கும். இரும்பு பாடி எம்ஜிபில அந்தத் தலைவலி கம்மி, ஆனா உங்க வண்டிலயும் மீட்டர்லேர்ந்து மீட்டருக்கு கறுப்பு ஒயர் தாவித் தாவித்தான் போகும், நடுவுல ஒரு ஸ்பேட் (ஒயர் நுனில செருகற தட்டை முனை) லூஸ் ஆனா அதுக்கப்புறம் உள்ளதெல்லாம் பாதிக்கும். சந்தேகம்னா புதுசா ஒரு எர்த் ஒயர் இழுத்து மீட்டர் முதுகுலேர்ந்து நேரா சுத்தமான இரும்புக்கு போடுங்க. இந்த மொத்த வேலைலயே குறைஞ்ச செலவுல நிறைஞ்ச பலன் தர்றது இதுதான்னு நான் சொல்லுவேன்.

கைய உள்ள விடறதுக்கு முன்னாடி பேட்டரி எர்த்த கழட்டிடுங்க. டெஸ்ட் பண்ணும்போது மட்டும்தான் மாட்டணும். இத சும்மா வழக்கமான எச்சரிக்கைன்னு தாண்டிப் போகாதீங்க, ஆம்மீட்டர் (கரன்ட் அளக்கற மீட்டர்) இருக்கற பழைய வண்டில அதோட முதுகுல ஸ்டார்ட்டர் தவிர மொத்த வண்டி கரன்டும் பெரும்பாலும் ஃப்யூஸே இல்லாம ஓடும், மோதிரமோ ஸ்பானரோ பட்டா அங்கயே நெருப்பு. உங்க எம்ஜிபில ஆயில் பிரஷரும் தண்ணி டெம்பரேச்சரும் சேந்த ரெட்டை மீட்டர் இருந்தா, அதுலேர்ந்து மெல்லிசா ஒரு கேப்பிலரி குழாய் இன்ஜினுக்குப் போகும், உள்ள ஈதர் அடைச்சிருக்கும். அத மடக்கினாலோ இழுத்து அறுத்தாலோ மீட்டர் செத்துது, கடைல ஒட்டுப் போட முடியாது. ஆயில் பைப்பும் அதே மீட்டர் முதுகுலதான் இருக்கு, அதக் கழட்டினா கார்பெட்ல எண்ணெய். அதனால அந்த மீட்டர முழுசா வெளிய எடுக்காம, ஹோல்டர மட்டும் பின்னாடிலேர்ந்து உருவி வேலைய முடிச்சுக்கோங்க.

ஹோல்டர். உங்களுது பழைய ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர்னா இ10 திருகு பல்பு, 12 வோல்ட் 2.2 வாட். உருவினா ஹோல்டர் உள்ள பச்சையா களிம்பு இருக்கும், நடு கான்டாக்ட் பித்தளை ஸ்பிரிங் அமுங்கிப் போயிருக்கும், மீட்டர் ஓட்டுக்கும் (வெளிக்கூடு) ஹோல்டருக்கும் நடுவுல துரு இருக்கும், எர்த் அந்த வழியாத்தான் வருதுங்கறது ஞாபகம் இருக்கட்டும். சின்ன பித்தளை பிரஷ் போதும். ப்ளாஸ்டிக் ஷீட்ல செம்பு கோடு போட்ட ப்ரின்டட் சர்க்யூட் வச்ச வண்டில மட்டும் உப்புத்தாள் போடாதீங்க, செம்பு முடியளவுதான் இருக்கும், தேச்சா போயே போயிடும், பென்சில் ரப்பர் வச்சு மெதுவா தேச்சா போதும்.

மங்கலுக்கு மருந்து பெரிய வாட் பல்புன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நான் கேட்டேன். 2.2 இருந்த இடத்துல 5 வாட் போட்டேன், ஒரு வாரம் சூப்பரா இருந்துச்சு, அப்புறம் மீட்டருக்குள்ள இருக்கற கலர் ஃபில்டர் ப்ளாஸ்டிக் மெழுகு மாதிரி தொங்கிடுச்சு. கரன்ட் கூடறதால ரியோஸ்டாட்டும் சூடாகும், ஒயர்ல திருட்டும் கூடும்.

இப்ப பெரும்பாலான பேர் தொடாத பக்கத்துக்கு வரேன், மீட்டருக்குள்ள. இந்த மாதிரி மீட்டர்ல பல்பு நேரா டயல் மேல அடிக்காது, ஓட்டுக்குள்ள எரிஞ்சு, உள்சுவத்துல பட்டு, தெறிச்சு, ஓரத்துல இருக்கற ஜன்னல் வழியா முன்னாடி வந்து டயல்ல விழும். அதுக்காக உள்சுவத்துக்கு வெள்ளை அடிச்சிருப்பாங்க. 50 வருஷத்துல அந்த வெள்ளை டீ கலருக்கு வந்திருக்கும், சில இடத்துல உதிர்ந்து இரும்பு தெரியும், மேல புகை படிஞ்சிருக்கும். ஒவ்வொரு தடவ பட்டுத் தெறிக்கும்போதும் அந்த சுவர் ஒரு பங்கு வெளிச்சத்த முழுங்கிடும், ரெண்டு மூணு தடவ தெறிச்சுத்தான் டயலுக்கு வருதுன்னா கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. ஸ்மித்ஸ் மீட்டரோட முன் ரிம்ம திருப்பினா பின்னாடி இருக்கற சின்ன நாக்கு மூணும் விலகி ரிம் கைக்கு வந்துடும், பல வருஷம் இறுகியிருந்தா கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்க, ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பாதீங்க. ஓட்டுக்குள்ள வெள்ளை பெயின்ட் ரெண்டு கோட் அடிங்க, மெக்கானிசத்த வெளிய எடுத்துட்டுத்தான், முள்ளு மேல ஸ்பிரே பட்டா அவ்ளோதான். பளபளப்புக்காக அலுமினிய ஃபாயில் ஒட்டறாங்க சில பேர், எனக்குப் பிடிக்காது, ஃபாயில் கழண்டு ஹோல்டர்ல விழுந்தா ஷார்ட், அதோட வெள்ளை பெயின்ட் வெளிச்சத்த பரத்தி விடற மாதிரி அது பரத்தாது.

திறந்திருக்கும்போதே கண்ணாடியோட உள்பக்கத்த தொடச்சுடுங்க. பழைய ப்ளாஸ்டிக், ரப்பர்லேர்ந்து ஆவியா வந்து படிஞ்ச ஒரு மெல்லிய பிசுக்கு இருக்கும், பகல்ல தெரியாது, ராத்திரி மூடுபனி மாதிரி இருக்கும். கண்ணாடின்னா எது வேணா போட்டு தொடைங்க, அக்ரிலிக்னா சோப்புத் தண்ணி மட்டும், ஆல்கஹால் பட்டா மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். விடிஓ (ஜெர்மன் கம்பெனி) மீட்டர்ல ரிம்ம மடிச்சு நசுக்கியிருப்பாங்க, வீட்ல திறந்தா திரும்ப அழகா மூடாது, அதுக்குன்னு செய்றவங்க கிட்ட குடுக்கறதே மேல். ஆனா பழைய போர்ஷ 911ல ஒரு சௌகரியம், மீட்டர் ரப்பர் வளையத்துலதான் நிக்குது, முன்பக்கமாவே திருகி இழுத்தா வந்துடும், பல்பு மாத்தறது சீட்ல உக்காந்த வேலை. ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி வந்த மீட்டர் யார் கிட்டயாவது இருந்தா மட்டும் திறக்காதீங்க, சிலதுல எண்களுக்கு ரேடியம் பெயின்ட் போட்டிருக்காங்க, ஒளிர்றது எப்பவோ நின்னிருக்கும், கதிர்வீச்சு நிக்கல.

அப்புறம் ஃபில்டர். பல மீட்டர்ல ஜன்னல்ல நீலப்பச்சையா ஒரு ப்ளாஸ்டிக் இருக்கும், ராத்திரி பச்சையா தெரியறது அதனாலதான். ஃபிலமென்ட் பல்பு வெளிச்சத்துல சிகப்பும் மஞ்சளும்தான் அதிகம், நீலமும் பச்சையும் கம்மி, ஃபில்டர் அந்த அதிகமா இருக்கறத நிறுத்திட்டு கம்மியா இருக்கறத மட்டும் விடுது. மேல சொன்னேன்ல, வோல்டேஜ் குறைஞ்சா பல்பு ஆரஞ்சாகும்னு, அப்ப நீலப்பச்சை இன்னும் சுருங்கிடும், அதனால ஃபில்டர் உள்ள மீட்டர்ல வோல்டேஜ் அடி ரெட்டிப்பா தெரியும். ஃபில்டர கழட்டிட்டா அதே பல்புல வெளிச்சம் நல்லா ஏறும், ஆனா கலர் மஞ்சள் ஆயிடும். ஒரிஜினல் லுக் வேணும்னா கழட்டாதீங்க. நான் கழட்டிட்டேன், ஒரு கவர்ல போட்டு க்ளவ் பாக்ஸ்ல வச்சிருக்கேன்.

இவ்ளோ பண்ணியும் பத்தலன்னா இப்ப எல்இடி. பச்சை ஃபில்டர் இருந்தா பச்சை எல்இடி போடுங்க, வெள்ளைய விட அது நல்லா தாண்டி வரும். ஃபில்டர் இல்லன்னா வார்ம் ஒயிட், குளிர் வெள்ளை போட்டா பழைய டயல் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். நுனில மட்டும் அடிக்கறது வாங்காதீங்க, வெளிச்சம் பக்கவாட்டுல நாலு திசைக்கும் போகணும், இல்லன்னா மேல சொன்ன தெறிக்கற வேலை நடக்காது, டயல்ல ஒரு இடம் பளிச், மத்த இடம் இருட்டு. டிம்மர் பழைய ரியோஸ்டாட்னா எல்இடிய சரியா குறைக்காது, ஆறு எல்இடி சேந்தும் 0.1 ஆம்பியர் சொச்சம்தான் எடுக்கும், 10 ஓம் ரியோஸ்டாட்ல அதுக்கு ஒரு வோல்ட் சொச்சம்தான் விழும், குமிழத் திருப்பினாலும் ஒண்ணும் ஆகாது. குறைக்க வேணும்னா பிடபிள்யூஎம் டிம்மர் (கரன்ட வேகமா ஆன் ஆஃப் பண்ணி வெளிச்சத்த குறைக்கறது) தனியா போடணும். எல்இடிக்கு ப்ளஸ் மைனஸ் உண்டு, எரியலன்னா வெட்ஜ் டைப்ப (திருகாம நேரா செருகறது) திருப்பிப் போடலாம், உங்க திருகு டைப்ப திருப்ப முடியாது. எம்ஜிபி 1967 கடைசில மார்க் 2 வரும்போதுதான் நெகட்டிவ் எர்த்துக்கு (பேட்டரி மைனஸ் பாடில சேர்றது) மாறிச்சு, உங்க 74ல பிரச்சனை இல்ல, அதுக்கு முந்தின பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு போலாரிட்டி பாக்காத எல்இடின்னு கேட்டு வாங்கணும்.

எல்லா பல்பையும் எல்இடியா மாத்தற ஜோர்ல சார்ஜ் வார்னிங் லைட்ட மட்டும் மாத்திடாதீங்க. ஆல்டர்னேட்டர் முதல்ல விழிச்சுக்கறதே அந்த பல்பு வழியா போற கரன்ட்லதான், எல்இடி அந்த அளவு கரன்ட விடாது, வண்டி ஸ்டார்ட் ஆகும், சார்ஜ் ஏறாது.

ஃபீடு பக்கம் எவ்ளோ, எர்த் பக்கம் எவ்ளோன்னு அந்த ரெண்டு ரீடிங்கும் முதல்ல எடுத்துட்டு சொல்லுங்க, மீட்டரோட முன் ரிம்ம திருப்பறதுக்கு ஆயில் பாட்டில இன்னிக்கே தேட வேண்டாம்.